மழைக்கு வந்தவர்கள்

என் வயசுக்காரர்களே, ஒரே தோணியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். நம் பிள்ளைகளை வேறு கதை சொல்லி வளர்த்துவிட்டோம்.

போன வாரம் அண்ணனிடமிருந்து போன். பெரியப்பாவின் மகன், பெரியப்பாவுக்குப் பிறகு பழவேற்காட்டு ஏரியில் நம் தீவுக்கு அவன்தான் தலைவன். நான் கும்மிடிப்பூண்டியில், கம்பெனி பஸ்கள் திரும்புகிற தெருவில், இரும்பு வாசனை நுழையாதிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். அவன் குரலுக்குப் பின்னால் ஏரிக் காற்று கேட்டது.

"கரை போய்க்கினே கீதும்மா. ஒவ்வொரு புயலுக்கும் ஏரி ஒரு ஊட்ட முழுங்குது. உங்க பக்கமாத்தான் குவார்ட்டர்ஸ் கட்டியிருக்காங்க, எல்லாரும் அங்க போறோம். ரெண்டே வருசம். கரைய கட்டி முடிச்சதும் திரும்பி வந்துடலாம்."

"சரி."

"ஜனங்கதான் கெளம்ப மாட்டேன்னு பேஜார் பண்றாங்க. நீ ஒரு தபா வந்து, அம்மன் நம்ம தீவுக்கு வந்த கதைய சொல்லேன். எங்க நைனா கண்ட கனவ. அவளே எடம் மாறி வந்தவதானே, நமக்கு இன்னான்னு தோணும். நீ சொன்னா கேப்பாங்க."

கனவின் கதை எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து.

*

நம் பழைய ஊரை நான் புகழப்போவதில்லை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மணல்மேடு. ஈ மொய்க்கும். சவுக்கு ஊசி பாதத்தில் ஏறும். முந்திரிக்கொட்டையைப் பச்சையாகக் கடித்து உதடு வெந்த வடு எனக்கு இன்னும் இருக்கிறது. உங்களில் பலருக்கும் இருக்கும், தடவிப் பாருங்கள். இது நம்முடையது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காத ஊர். அவ்வளவுதான் அதன் அழகு.

அந்த மேடு முழுக்க வேலிக்குள் போகிறது என்றார்கள். எதற்கென்று பெரியவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரம், கங்கையம்மன் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. கோயில் என்று கட்டடம் ஏது? மூன்று கல், குங்குமம் கொட்டிக் கொட்டிச் சிவந்துபோன மணல். பெண்கள் அழுதபடியே முந்தானையை விரித்துக்கொண்டு நின்றார்கள், பிடிமண் எடுக்க.

பிடிமண் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு ஊரை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் அம்மன் காலடியில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள். போகிற இடத்தில் அதைப் போட்டால் அங்கே அம்மன். எடுத்த இடம் வெறும் மணல். பிடிமண் எடுத்தால் ஊர் முடிந்தது.

பெரியப்பா கையை உயர்த்தினார். வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"யாரும் பிடிமண் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன். எடுத்தா அவ நம்மகூட வந்துடுவா. அப்பறம் திரும்பி வர்றதுக்கு ஊரு ஏது? மழைக்குப் போறோம், தை பொறந்தா வந்துடறோம். அதுவரைக்கும் அவ இங்கியே காவல் இருக்கட்டும்."

எத்தனை லேசாகிப்போனது ஊர்! மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி சிரித்தாள். கட்டிய மூட்டைகளை அவிழ்த்து, கனமானதையெல்லாம் வெளியே எடுத்து வைத்தார்கள். ஆட்டுக்கல், உரல், குதிர், மரப்பெட்டி. மழைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு அதெல்லாம்?

அம்மா தன் அம்மியை இறக்கிவைத்தாள். பிறந்த வீட்டிலிருந்து வந்த கறுப்புக் கல், அரைத்து அரைத்து நடுவில் உள்ளங்கை மாதிரிப் பள்ளம் விழுந்தது. அதைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டாள். குழவியை மட்டும் பழம்புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"அம்மி இல்லாம குழவி எதுக்குடி?" என்றார் அப்பா.

"ஜோடியப் பிரிச்சா ஒண்ண ஒண்ணு கூப்டுக்கினே இருக்கும். அத்தொட்டு நாம வந்துதான் ஆவணும்."

"இடுப்புல வெச்சிக்கினு வரா பாரு, கைக்கொழந்த மாதிரி!" என்று அப்பா சிரித்தார்.

எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. என்னிடமும் ஒரு ஜோடி இருந்தது. ஆடி மாதம் பெரியபாளையத்துக்கு வேப்பஞ்சேலை கட்டப் போனபோது அப்பா வாங்கித் தந்த மாக்கல் சொப்பு. மிச்சமெல்லாம் உடைந்து, அம்மியும் குழவியும் மட்டும் மிஞ்சியிருந்தன. குழவி என் சுண்டுவிரல் அளவு. வாங்கின அன்றைக்கே மிட்டாய் என்று கடித்து ஒரு முனையில் சில்லுப் பேர்ந்துவிட்டது. 'கல்லத் தின்ன பொண்ணு' என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நான் அம்மாவுக்கு நேர்மாறாகச் செய்தேன். அம்மியை வைத்துக்கொண்டு, குழவியைக் கொண்டுபோய் அம்மன் காலடியில், மூன்று கல்லில் நடுக்கல்லின் கீழே, சிவப்பு மணலில் விரல் ஆழம் புதைத்தேன். இருட்டிக்கொண்டிருந்தது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தோணியில் ஏறிவிட்டோம்.

*

தீவு நமக்கு முன்னாலேயே யாருக்கோ ஆகியிருந்தது. அவர்களும் எங்கிருந்தோ எடுத்துவைக்கப்பட்டவர்கள்தான். வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து நமக்கு ஒரு தலைமுறை முந்தி. பேச்சில் பாதி தெலுங்கு. கோபத்தில் முழுத் தெலுங்கு. நமக்கு அவர்கள் வைத்த பெயர் நினைவிருக்கிறதா? மழைக்கு வந்தவங்க. "ஏய், மழைக்கு வந்தவனே, வலைய மிதிக்காத!" "மழைக்கு வந்தவ ஊட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?" நாமே அந்தப் பெயரைப் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டோம். வந்த வேலை முடிந்ததும் போகிறவர்கள் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டோம்.

அங்கே மண் சாம்பல் நிறம். நடந்தால் கிளிஞ்சல் நொறுங்கும். தண்ணீருக்கு மணலில் கை நீளம் தோண்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் சொம்பு இனிக்கும், பிறகு கரிக்க ஆரம்பிக்கும். ஓலைக் கூரையில் மழை, மழைக்குள் இறால் கருவாட்டு நாற்றம், நாற்றத்துக்குள் நாம். தீவு முழுக்கச் சேறும் கிளிஞ்சலும்தான். கல் மட்டும் கிடையாது. எறிந்து விளையாட ஒரு கல் கிடைக்காமல் நாம் நண்டு ஓட்டை எறிந்தோம்.

அதனால் அம்மா தினமும் குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மி கடன் கேட்கப் போனாள். பக்கத்து வீட்டில், முன்னால் வந்தவர்களில் ஒரு அம்மா, நல்ல அகல அம்மி வைத்திருந்தாள். நாம் அவளைக் கல்லுக்கார அம்மா என்போம். அரைத்த மசாலாவை வழித்துக்கொண்டு அம்மா எழுந்திருக்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்:

"புதுசா ஒண்ணு வாங்கேம்மா."

"எதுக்கு? தை பொறந்தா போயிடுவோம். மழைக்குத்தானே வந்தோம்."

"நாங்களும் மழைக்கு வந்தவங்கதான். எந்த மழைன்னுதான் மறந்துபோச்சு."

அம்மா அதைச் சாப வார்த்தையாக எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அரைக்காமல் மிளகாயைக் கிள்ளிப்போட்டே குழம்பு வைத்தாள்.

அப்பாவின் வீம்பு அதைவிடப் பெரியது. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்களே, பாடு என்று அதற்குப் பெயர். கஷ்டத்துக்கும் நம் பாஷையில் அதே சொல். நம் ஆண்களையும் வந்து எடுக்கச் சொன்னார்கள். முன்னால் வந்தவர்கள் அந்த விஷயத்தில் தாராளம்தான். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விருந்துக்கு வந்தவன் எலையில பங்கு கேப்பானா?"

அவரைப் பார்த்து மற்றவர்களும் பின்வாங்கினார்கள். பெரியப்பா மட்டும் சிரித்துக்கொண்டே குடத்துக்குள் கையை விட்டார். "சும்மா கெடக்கற கைதானடா," என்றார். முகத்துவாரத்துப் பக்கம் நல்ல பாடு விழுந்தது அவருக்கு. அந்த முறை சீட்டில் சேராதவன் பிறகு எப்போதும் சேர முடியாது என்பது அப்பாவுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்பா அடுத்தவர் வலையில் கூலிக்கு நின்றார். உங்கள் அப்பாக்களும் நின்றார்கள். நாம் இன்று கம்பெனி கேட்டில் வரிசையில் நிற்பதற்கு அந்தக் கட்டிய கைதான் ஆரம்பம்.

*

தை பிறந்தது. யாரும் கிளம்பவில்லை. கேட்டால், "வேலி வேல நடக்குது, இப்ப உள்ள உடமாட்டாங்க," என்றார் பெரியப்பா. மாசி வந்தது. பூநாரைகள் ஏரியில் ஒற்றைக்காலில் நின்றன, ரோஸ் பவுடர் கொட்டின மாதிரி.

அந்த நாட்களில் ஒன்றில்தான் நாம் கண்ணாமூச்சி ஆடினோம். நான் பெரியப்பா வீட்டுக்குள், கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கே ஒரு புது மண்சட்டி. விளிம்பில் சின்ன உடைசல், வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. வெல்லம் என்று நினைத்துத் துணிக்குள் கையை விட்டேன்.

மண்.

சாம்பல் மண் இல்லை. சிவப்பு. நகக்கண்ணில் குங்குமம் ஏறியது. வேப்பஞ்சருகு மொறுமொறுத்தது. அதற்குள் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது, வெளியே எடுத்தேன். என் குழவி. சில்லுப் பேர்ந்த முனையில் என் பல்லை வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அம்மி கூப்பிட்டிருக்கிறது, குழவி வந்துவிட்டது. அவ்வளவுதான். அது ஏன் பெரியப்பா வீட்டுச் சட்டியில் இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை. சட்டியில் கைவிட்டேன் என்று தெரிந்தால் அடி விழும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீட்டுக்கு ஓடி இரண்டையும் சேர்த்துவைத்து உப்பை அரைத்தேன். பிறகு காலையில் எழுந்ததும் கரைக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன், அம்மாவின் அம்மியும் மிதந்து வந்திருக்கிறதா என்று. கல் மிதக்காது என்பது தெரியும். ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

பங்குனியில் பூநாரைகள் கிளம்பின. அவையும் மழைக்கு வந்தவைதான். நாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

அதற்குப் பிறகுதான் அந்தக் கனவு.

வேலிகாத்தான் முள்மர நிழலில் எல்லோரையும் கூட்டினார் பெரியப்பா. கண் சிவந்திருந்தது.

"ராத்திரி அம்மா வந்தா. தலைய விரிச்சிப் போட்டுக்கினு, கால்ல சேறோட. 'நீங்கல்லாம் போயிட்டீங்க, எனக்கு வெளக்கு வெக்க நாதியில்ல. வேலிக்குள்ள அனாதையா கெடக்கறேன்டா, என்னையும் இட்டுக்கினு போங்க'ன்னு அழுவறா. எங்கம்மா அழுது நான் பாத்ததில்ல."

பெண்கள் தலையிலடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி சாமி வந்து ஆடினாள். அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஏண்ணே, நம்மள அங்க வரச் சொல்லலியா?"

"அவளே இங்க வரேன்றா. அப்பறம் நாம அங்க போயி யார கும்புடறதுடா?"

அந்த ஒரு வாக்கியத்தில் ஊர் முடிந்துபோனது. முடித்தது பெரியப்பா அல்ல, அம்மன். அவளிடம் யார் போய்ச் சண்டை பிடிப்பது?

கல்லுக்கார அம்மா என் பக்கத்தில் நின்று இறால் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "எங்க ஊரு அம்மாவும் இதேதான் சொன்னா," என்று முணுமுணுத்தாள். "கால்ல சேறு மட்டுந்தான் இல்ல."

மறுநாள் பெரியப்பா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தோணியில் போனார். பூஜைச் சாமான் கூடையைத் தானே சுமந்தார், யாரையும் தொடவிடவில்லை. வேலிக்கு வெளியே அந்த இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு உள்ளே அவர் மட்டும் போனாராம். பொழுது இறங்கும்போது திரும்பினார்கள். பம்பை உடுக்கை, கற்பூரம், குலவை. தலையில் சட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார் பெரியப்பா, உடம்பெல்லாம் மஞ்சள்.

மஞ்சள் துணி. விளிம்பில் சின்ன உடைசல்.

நான் அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அந்தச் சட்டி பெரியப்பா ஊட்லயே இருந்துச்சு. கருவாட்டுக் கூட பின்னால."

"வாய மூடு."

"நெசம்ப்பா. மாசியிலயே பாத்தேன். அதுலதான் என் குழவி கெடச்சிச்சி. நாம கெளம்பறதுக்கு மொத நாளு, வெளக்கு வெச்சப்பறம், அம்மன் காலடியில நான்தான் பொதச்சேன்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அப்பா குனிந்தார். சில்லுப் பேர்ந்த முனையை விரலால் தடவினார், ஒரு தரம், இன்னொரு தரம். கல்லைத் தின்ற பெண்ணின் பல். உலகத்தில் அந்தக் கல்லை அடையாளம் தெரிந்த ஆள் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். அவர் முகத்தில் கணக்கு ஓடியதை நான் பார்த்தேன்: விளக்கு வைத்த பிறகு புதைத்தாள், விடிந்ததும் கிளம்பினோம், நடுவில் அள்ளியிருக்கிறான். யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்ன வாய் காய்வதற்குள் அள்ளியிருக்கிறான்.

இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். உடுக்கையை நிறுத்தச் சொல்வார், சட்டியைப் பிடுங்குவார், எல்லோரையும் தோணியில் ஏற்றிக்கொண்டு...

அப்பா கல்லைத் தன் கையில் எடுத்து விரல்களை மூடிக்கொண்டார். பழவேற்காட்டிலிருந்து வந்த கொத்தனார் மேடை பூசியிருந்தார். சிமெண்டு ஈரமாக இருந்தது. நடுவில் விட்டிருந்த குழியில் பெரியப்பா சட்டியைக் கவிழ்த்தார். சிவப்பு மண் பொலபொலவென்று விழுந்தது. பங்காளிகள் ஆளுக்கொரு கை சாந்து போட்டு மூடினார்கள். அப்பா தன் முறை வந்ததும் மூடிய கையோடு போனார், முழங்கை வரை அழுத்தினார், திறந்த கையோடு திரும்பி வந்தார்.

"எங்கப்பா?"

"அவகிட்டயே இருக்கட்டும்," என்றார். சிமெண்டு வாசனை அடிக்கும் கையால் என் தலையைத் தடவினார். வாயில் ஒரு பிடி பொரியை வைத்துத் திணித்தார். அந்தப் பொரி இன்னும் எனக்கு இறங்கவில்லை.

*

மறுநாள் காலை அப்பா யாரிடமும் சொல்லாமல் பழவேற்காட்டுக்குப் போனார். மத்தியானம் திரும்பிய தோணி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே ஒரு புது அம்மி, கொத்தின தடம் மாறாமல், வெளுப்பாக.

அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கனவைக் கேட்டு ஊரெல்லாம் அழுதபோது அவள் அழவில்லை. பெரியப்பாவின் கனவுதானே, அப்பா ஏதாவது செய்வார் என்று இருந்திருக்கிறாள்.

"இன்னாய்யா இது?"

"அம்மி."

"தெரியுது. இன்னாத்துக்கு?"

"ஒரு கை புடி, எறக்கணும்."

"குழவி?"

"ஜோடியாத்தான் விக்கறான்."

இருவருமாக இறக்கினார்கள். அவள் மிளகாயை எடுத்துப் புதுக் கல்லில் வைத்து அரைக்க ஆரம்பித்தாள். புது அம்மியில் முதலில் அரிசியோ தவிடோ போட்டு மண் போக அரைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? அன்று குழம்பு முழுக்கக் கல் நெறுநெறுத்தது. மூன்று பேரும் தின்றோம். யாரும் துப்பவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு தரம் அப்பாவைக் கேட்டேன். "அன்னிக்கி ஏம்பா சொல்லல?" வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "எல்லாருக்கும் தெரிஞ்சா, தெரிஞ்சிக்கினு எல்லாரும் எங்க போறது?"

எனக்குத் தெரிந்திருந்ததே அப்பா, நான் எங்கே போவது? அதை நான் கேட்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், தீவின் சாம்பல் மண்ணுக்கு.

பெரியப்பாவைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு வயசானது. கன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தால் பசு பின்னால் வரும். இனித் திரும்ப முடியாது என்ற நிஜத்தைச் சொல்லியிருந்தால் பெண்கள் மணலைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள், இழுத்துத்தான் ஏற்றியிருக்க வேண்டும், அவர் பயந்திருப்பார். புரிகிறது. புரிந்தால் ஆறிவிடும் என்று யார் சொன்னது? அந்த மேடையில் டைல்ஸ் ஒட்டி, கோபுரம் வைத்து, மைக் கட்டி, இத்தனை ஆடி கொண்டாடிவிட்டோம். நீங்கள் கும்பிட்டபோதெல்லாம் நானும் கும்பிட்டேன். கீழே என் பல் பட்ட கல் கிடக்கிறது.

*

போனில் அண்ணன் காத்திருந்தான். "இன்னாம்மா, வர்றியா?"

"அண்ணே, பிடிமண் எடுத்தாச்சா?"

"இன்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"எடுத்தாச்சா, இல்லியா?"

"ரெண்டு வருசம்தானேம்மா..." என்றான். குரல் அப்படியே பெரியப்பா.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வருவேன். அந்த டைல்ஸ் மேடையில் நின்று இந்தக் கதையைத்தான் சொல்வேன். நீங்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அம்மா கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்திருப்பது அந்தப் பழைய குழவிதான். அதற்கு வேறு வேலை எதுவும் இந்த ஊரில் இல்லை. அவள் போனை நோக்கிக் குனிந்தாள், எதிரில் இருக்கிறவனுக்கும் காது மந்தம் என்பதுபோலக் கத்தினாள்:

"டேய், ரெண்டு வருசமோ ரெண்டு நாளோ! எல்லாரையும் மொதல்ல அம்மிய ஏத்தச் சொல்லுடா!"